எபிசோட் 41: டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி

மூணு மாசமா எபிசோடே வரல, சேனலை மூடிட்டியானு நிறைய பேர் மெயில் போட்டிருந்தீங்க. மூடல. அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன் ஆச்சு. நான் கும்பகோணத்துல வீட்டு மாடியில உக்காந்து ஆபீஸ் வேலை பாத்துக்கிட்டு, கீழே அப்பாவையும் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு வேலை, சம்பளம், இன்டர்வியூ எதுவும் பேசப் போறதில்ல. இந்த மூணு மாசத்துல நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தி மட்டும் பேசறேன். நான் டாக்டர் இல்ல, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன். உங்க வீட்டு ஆளுக்கு என்ன குடுக்கணும்ங்கறதை உங்க டாக்டர்கிட்டயும் டயட்டீஷியன்கிட்டயும்தான் கேக்கணும். என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க வேணும்னா இந்த எபிசோட் உதவலாம்.

அப்பாவுக்கு 59 வயசு. நாலஞ்சு மாசமாவே சாப்பிட்டதும் வயிறு வலிக்குதுனு சொல்லிக்கிட்டு இருந்தார். கேஸ் டிரபிள்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டார். சாப்பிட்டா வலிக்குது, அதனால சாப்பாட்டைக் குறைச்சார். 66 கிலோ இருந்தவர் 55-க்கு வந்துட்டார். தீபாவளிக்கு நான் ஊருக்கு வந்தப்போ, "ஸ்லிம் ஆயிட்டீங்கப்பா, சூப்பர்"னு சொன்னேன். சொன்னது நான்தான். அதை எடிட்ல வெட்டாம விடறேன்.

அப்புறம் ஒரு ராத்திரி வயிறு பானை மாதிரி வீங்கி, நிக்காம வாந்தி. தஞ்சாவூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுகுடல் பெருங்குடலோட சேர்ற இடம் சுருங்கி அடைச்சிருக்குனு ஸ்கேன்ல தெரிஞ்சது. அன்னைக்கே ஆபரேஷன். சிறுகுடலோட கடைசிப் பகுதியையும் பெருங்குடலோட ஆரம்பத்தையும் எடுத்துட்டு, மிச்சத்தை ஒண்ணா வச்சுத் தைச்சாங்க. எடுத்த துண்டை டெஸ்ட்டுக்கு அனுப்பினதுல டிபினு வந்தது. குடல்லயும் டிபி வரும்ங்கறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். நம்ம நாட்டுல இது அப்படி ஒண்ணும் அபூர்வம் இல்லையாம், குறிப்பா அந்த ரெண்டு குடலும் சேர்ற இடத்துல.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினாங்க. மூணு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு வரி: சாஃப்ட், லோ ஃபைபர், ஹை புரோட்டீன் டயட். யாரும் உக்கார வச்சு விளக்கல. நானும் கேக்கல. ஹை புரோட்டீன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா, ஜிம்முக்குப் போற பையனாச்சே.

அன்னைக்குச் சாயங்காலமே மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். ராத்திரி பூரா யூடியூப் பாத்தேன். மறுநாள் என் ஷீட்ல ஏழு வரிசை: புரோட்டீன் பவுடர், வைட்டமின் சி, ஜிங்க், மல்டிவைட்டமின், கொலாஜன் பவுடர், குளூட்டமின், ஒமேகா 3. மொத்தம் 9,400 ரூபாய். ஒவ்வொண்ணுக்கும் நேரம் போட்டு அம்மா போன்ல அலாரம் செட் பண்ணிக் குடுத்தேன். ஷீட்ல பச்சை டிக் விழுந்துக்கிட்டே இருந்தது. உண்மையைச் சொல்றேன், எனக்கு ரொம்பப் பெருமையா இருந்தது.

இன்னொரு பக்கம் அத்தை. ஆபரேஷன்னு கேட்டதும் வந்து கூடவே தங்கிட்டாங்க. அவங்க சட்டம் பத்தியம். முட்டை கூடாது, மீன் கூடாது, கத்திரிக்காய் கூடாது, பால் கூட வேணாம், புண்ணு சீழ் வச்சிடும். கஞ்சி, இட்லி, ரசம் சாதம், இடியாப்பம், ரஸ்க். இதோட சரி. நான் அத்தைகிட்ட சண்டை போடல, ஏன்னா எனக்கு ஒரு நிம்மதி இருந்தது: சாப்பாடு எப்படி இருந்தா என்ன, அதான் டப்பா இருக்கே.

பன்னண்டாம் நாள் தையலோட கீழ்ப்பக்கம் சிவந்து, டிரெஸ்ஸிங் நனைஞ்சிருந்தது. தஞ்சாவூருக்கே திரும்பப் போனோம். சர்ஜன் நாலு தையலைப் பிரிச்சார். உள்ளேர்ந்து சீழ். நல்லவேளை தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவுலதான், குடலைத் தைச்ச இடத்துல ஒண்ணும் இல்ல. ஆனா என் ரெண்டு விரல் போற அளவுக்கு அப்பா வயித்துல ஒரு பள்ளம். "திரும்பத் தையல் போட மாட்டீங்களா சார்?"னு கேட்டேன். "சீழ் இருக்கற இடத்தை மூடக் கூடாதுப்பா. அடியிலேர்ந்து தசை வளர்ந்து தானா மேல வரணும்"னு சொன்னார்.

எதனால ஆச்சுனு கேட்டதுக்கு, ஒரே ஒரு காரணத்தைக் கை காட்ட முடியாதுனு நேர்மையா சொன்னார். அடைச்சுப்போன குடல்ல அவசரமா பண்ற ஆபரேஷன்ல காயத்துல கிருமி சேர வாய்ப்பு அதிகம். ஆபரேஷனுக்கு அப்புறம் சுகர் ஏறியிருந்தது. அதோட, வரும்போதே உடம்பு ஆறுல ஒரு பங்கு எடையை இழந்திருந்தது. "முதல் ரெண்டையும் நாங்க பாத்துக்கறோம். மூணாவது உங்க கையில"னு டயட்டீஷியன்கிட்ட அனுப்பினார்.

டயட்டீஷியன் மேடம் ரூம்ல ஒரு மேஜை, ஒரு எடை மெஷின், பிளாஸ்டிக் இட்லி, பிளாஸ்டிக் மீன் துண்டு. நான் லேப்டாப்பைத் திறந்து ஷீட்டைக் காட்டினேன். அவங்க ஒரு நிமிஷம் பாத்துட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வச்சுட்டு, அம்மாவைப் பாத்துக் கேட்டாங்க: "நேத்து சார் என்ன சாப்பிட்டாரும்மா? காலையிலேர்ந்து சொல்லுங்க."

அம்மா சொல்லச் சொல்ல ஒரு துண்டுச்சீட்டுல எழுதினாங்க. காலையில ரெண்டு இட்லி, இட்லிக்கு ரெண்டு கிராம்னு வச்சா நாலு கிராம் புரோட்டீன். பதினோரு மணிக்குக் கஞ்சி, ரெண்டு கிராம். மதியம் ரசம் சாதம், அஞ்சு. சாயங்காலம் டீ, ரெண்டு ரஸ்க், மூணு. ராத்திரி இடியாப்பம், மூணு. படுக்கும்போது அத்தைக்குத் தெரியாம அம்மா குடுத்த அரை டம்ளர் பால், மூணு. கூட்டினா இருபது கிராம்.

பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.5 கிராம் புரோட்டீன் வேணும்ங்கறதுதான் ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவ சங்கமான எஸ்பென் சொல்ற கணக்கு. நல்லா இருக்கற ஒருத்தருக்கு நம்ம ஐசிஎம்ஆர் சொல்றது 0.83 கிராம்தான். அதாவது கிட்டத்தட்ட டபுள். அப்பாவோட 55 கிலோவுக்கு 82 கிராம். நாங்க குடுத்தது 20.

"பவுடர் குடுக்கறோமே மேடம்"னேன். டப்பா போட்டோவைக் காட்டச் சொன்னாங்க. முன்பக்கம் பெரிய எழுத்துல புரோட்டீன். பின்பக்கம் சின்ன எழுத்துல, 100 கிராம் பவுடர்ல 30 கிராம் புரோட்டீன், மிச்சத்துல பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரினும் சர்க்கரையும். ஒரு ஸ்கூப் 15 கிராம். அப்போ ஒரு ஸ்கூப்ல நாலரை கிராம். ஒரு முட்டையில ஆறு கிராம் இருக்கு. சுகர் ஏறிக்கிட்டு இருந்த மனுஷனுக்கு நான் தினமும் ரெண்டு வேளை சர்க்கரைத் தண்ணி கலக்கிக் குடுத்திருக்கேன். வேலையில லைப்ரரி சேர்க்கறதுக்கு முன்னாடி டாக்குமென்டேஷனை வரி வரியா படிக்கறவன், அப்பாவுக்குக் குடுத்த டப்பாவோட பின்பக்கத்தைத் திருப்பிப் பாக்கல.

அதைவிட மோசம் அடுத்த கேள்வி. "காலையில எட்டு மணி வாக்குல குமட்டுதுனு சொல்றாரா?" அம்மா என்னைப் பாத்தாங்க. ஆமாம், தினமும் சொல்லிக்கிட்டு இருந்தார். டிபி மாத்திரைனாலனு நாங்களே முடிவு பண்ணிட்டோம். அதுவும் காரணமா இருக்கலாம். ஆனா என் ஷீட்படி ஏழரை மணிக்கு, வெறும் வயித்துல, 50 மில்லிகிராம் ஜிங்க். வெறும் வயித்துல ஜிங்க் போட்டா குமட்டும்ங்கறது எல்லா டாக்டருக்கும் தெரிஞ்ச விஷயமாம். மூணு இட்லி கேட்ட மனுஷன் அதனாலதான் ரெண்டோட நிறுத்திக்கிட்டு இருந்திருக்கார். நிறுத்தின மூணாம் நாள் குமட்டல் போயிடுச்சு.

அந்த ராத்திரி ஆரம்பிச்சு நான் படிச்சதைக் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

காயம் ஆறறதுனா உடம்பு அந்த இடத்துல கொலாஜன்ங்கற புரோட்டீனை நூல் மாதிரி நெய்யணும். தோல்லயும் அதேதான், குடலைத் தைச்ச இடத்துலயும் அதேதான். குடல் சுவர்ல தையலைத் தாங்கிப் பிடிக்கற அடுக்குக்குப் பேர் சப்மியூகோசா, அதுல கொலாஜன்தான் நிறைய. குடல் தையல் மூணாம் நாள்லேர்ந்து அஞ்சாம் நாள் வரைக்கும் ரொம்பப் பலவீனமா இருக்கும். பழைய கொலாஜன் கரையும், புதுசு இன்னும் வந்திருக்காது. தோல் காயம் மூணு வாரத்துல பழைய பலத்துல அஞ்சுல ஒரு பங்கைத்தான் எட்டும். நூல் நெய்யணும்னா பஞ்சு வேணும். பஞ்சு நாம சாப்பிடற புரோட்டீன்லேர்ந்துதான் வரணும். அதுக்கு மேல, உடம்புக்கு மொத்தக் கலோரியே பத்தலைனா, சாப்பிட்ட புரோட்டீனையும் எரிபொருளா எரிச்சிடும். கதவைப் பிடுங்கி அடுப்பெரிக்கற கதைதான். அதனால புரோட்டீனை மட்டும் ஏத்தினா போதாது, சோறும் எண்ணெயும் வேணும். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 1,400-லேர்ந்து 1,650 கலோரி சொன்னாங்க.

வைட்டமின் சி எங்க வருதுனா, அந்த நூலை முறுக்கி உறுதியாக்கற வேலையில. அது இல்லைனா கொலாஜன் தளர்ந்துபோகும். இதை ஒருத்தர் தன் உடம்புலயே பாத்தார். 1939-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஜான் கிராண்டன்னு ஒரு இளம் சர்ஜன். கிட்டத்தட்ட நம்ம வயசுதான். வைட்டமின் சி துளியும் இல்லாத சாப்பாட்டை ஆறு மாசம் சாப்பிட்டார். மூணு மாசம் ஆனதும் தன் முதுகுல ஒரு வெட்டு போட்டுக்கிட்டார். அப்போ ரத்தத்துல வைட்டமின் சி பூஜ்யம். ஆனா காயம் ஒழுங்கா ஆறிடுச்சு! ஆறு மாசம் ஆனதும் இன்னொரு வெட்டு. இந்தத் தடவை உள்ளுக்குள்ள ஆறவே இல்ல. ஊசி வழியா தினமும் ஒரு கிராம் வைட்டமின் சி ஏத்தினாங்க, பத்து நாள்ல அதே காயம் ஆறிடுச்சு. 1940-ல இதைக் கட்டுரையா வெளியிட்டாங்க.

நான் பாத்த யூடியூப் வீடியோவுலயும் வைட்டமின் சி போட்டா காயம் ஆறும்னுதான் சொன்னாங்க. அது கிராண்டன் கதையோட கடைசி வரி மட்டும். ரத்தத்துல சுத்தமா தீர்ந்துபோன பிறகும் அவரோட முதல் காயம் ஆறினதே, அதை யாரும் சொல்லல. பற்றாக்குறை நாள்கணக்கா நீண்டு முத்தினாத்தான் காயம் நிக்குது. அந்தப் பற்றாக்குறையைச் சரி பண்ணினா உடனே ஓடுது. பற்றாக்குறையே இல்லாத ஆளுக்கு மேல மேல ஏத்தினா ரெண்டு மடங்கு வேகமா ஆறும்னு அவர் காட்டல. ஆம்பளைக்கு ஐசிஎம்ஆர் சொல்ற அளவு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம். நான் குடுத்தது ஆயிரம். அதுலயும் அப்பா மாதிரி சிறுகுடலோட கடைசிப் பகுதி எடுத்தவங்களுக்கு உணவுல இருக்கற ஆக்ஸலேட் அதிகமா உடம்புல ஏறும், சிறுநீரகக் கல் வர வாய்ப்பு கூடும். மிச்சமாகிற வைட்டமின் சி-யும் உடம்புல ஆக்ஸலேட்டாத்தான் மாறும். மேடம் அந்த மாத்திரையை நிறுத்திட்டு, வடிகட்டின சாத்துக்குடி ஜூஸ் ஒரு டம்ளர் எழுதினாங்க.

ஜிங்க் கதையும் இதேதான். குறைபாடு இருக்கறவங்களுக்கு உதவும். இல்லாதவங்களுக்கு மாசக்கணக்கா அதிகமா குடுத்தா, உடம்பு தாமிரத்தை எடுத்துக்கறதைத் தடுக்கும். கொலாஜன் பவுடர் வயித்துக்குள்ள போனதும் மத்த புரோட்டீன் மாதிரிதான் உடையும், நேரா போய்க் காயத்துல ஒட்டிக்காது. அதுல டிரிப்டோஃபான்ங்கற அமினோ அமிலமும் கிடையாது, அதனால முழுப் புரோட்டீன்னு கூடச் சொல்ல முடியாது. குளூட்டமின், ஒரு காலத்துல ரொம்ப நம்பிக்கையோட பாத்த சரக்கு. ஐசியூவுல உறுப்புகள் செயலிழந்து கிடந்தவங்களுக்குக் குடுத்துப் பாத்த ஒரு பெரிய ஆய்வு 2013-ல வந்தது. அதுல இறப்பு கூடியிருந்தது. அப்பா அந்த நிலையில இல்ல. இருந்தாலும் அந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

எடைக்கு வருவோம். 1936-லயே ஹிராம் ஸ்டட்லினு ஒரு அமெரிக்க சர்ஜன், குடல்புண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களோட கணக்கைப் பாத்தார். ஆபரேஷனுக்கு முன்னாடியே எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல இழந்தவங்கள்ல மூணுல ஒருத்தர் இறந்திருக்காங்க. அவ்வளவு இழக்காதவங்கள்ல நூத்துக்கு மூணு நாலு பேர்தான். தொண்ணூறு வருஷம் ஆகுது இது தெரிஞ்சு. நான் 'சூப்பர்'னு சொன்ன அந்தப் பதினோரு கிலோவை நினைச்சுக்கிட்டேன்.

சப்ளிமென்ட் எல்லாமே டுபாக்கூர்னு நான் சொல்ல வரல. அப்பாவுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது ரெண்டு. ரெண்டும் என் ஷீட்ல தனி வரிசையா கூட இல்ல. ஒண்ணு பி6. டிபிக்குக் குடுக்கற ஐசோனியாசிட் மாத்திரை உடம்புல பி6-ஐக் குறைச்சிடும், கை கால் மரத்துப்போகும், அதனால டாக்டரே கூட எழுதியிருந்தார். விலை சில ரூபாய். இன்னொண்ணு பி12. சாப்பாட்டுல இருக்கற பி12-ஐ உடம்பு எடுத்துக்கற இடமே சிறுகுடலோட கடைசிப் பகுதிதான். எவ்வளவு நீளம் வெட்டினாங்கங்கறதைப் பொறுத்து, சிலருக்கு வாழ்நாள் பூரா ஊசி தேவைப்படும். கல்லீரல்ல வருஷக்கணக்குல சேமிப்பு இருக்கறதால குறைபாடு உடனே தெரியாது, மெதுவா வரும். அதனால டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருக்கணும். குடல் ஆபரேஷன் ஆன யாராவது உங்க வீட்டுல இருந்தா, எந்தப் பகுதியை எடுத்தாங்கனு டிஸ்சார்ஜ் சம்மரியில பாருங்க. இந்த ஒரு கேள்வியை டாக்டர்கிட்ட கேளுங்க.

பவுடரையும் மேடம் ஒரேயடியா தூக்கிப் போடல. சர்க்கரை இல்லாத, பாதிக்கு மேல புரோட்டீன் இருக்கற வேற ஒண்ணை எழுதினாங்க. சாப்பாட்டுல 82 வரைக்கும் வர முடியாத நாள்ல மிச்சத்தை நிரப்ப, அதுவும் ரெண்டு வேளைக்கு நடுவுல மட்டும். எடை இழந்து வந்தவங்களுக்கு இந்த மாதிரி பானம் உண்மையாவே உதவும்னு சொன்னாங்க. "தட்டுக்குப் பக்கத்துல வைங்க தம்பி, தட்டுக்குப் பதிலா வைக்காதீங்க"ங்கறதுதான் கண்டிஷன்.

சரி, தட்டுல என்ன மாறிச்சு? மூணு முட்டை 18 கிராம். பாலும் தயிருமா அரை லிட்டர் 16, அதுல பால் குடிச்சா வயித்தால போச்சு, அதனால பெரும்பாலும் தயிர். நல்லா குழைஞ்ச பாசிப்பருப்பு ரெண்டு கப் 14. முள் எடுத்த மீன் 100 கிராம், 20. இட்லி, சாதம் கணக்குல ஒரு 13. ஆச்சு 81. ஒரே தடவையில இல்ல, ஆறு தடவையா பிரிச்சு.

அத்தையைச் சம்மதிக்க வைக்கறதுதான் கஷ்டமா இருந்தது. டாக்டர் பேரைச் சொன்னேன், ஆய்வைச் சொன்னேன், ஒண்ணும் நடக்கல. அம்மாதான் ஜெயிச்சாங்க. "ஏன் அண்ணி, நான் இவனைப் பெத்துட்டுப் படுத்திருந்தப்போ நீங்கதானே பால் சுறா வாங்கிட்டு வந்து புட்டு பண்ணிப் போட்டீங்க? அதுவும் வயித்துக்குள்ள புண்ணுதானே?" அத்தை கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில கடைத்தெருவுக்குப் போய் மீனைச் செவுள் தூக்கிப் பாத்து வாங்கிட்டு வந்தது அத்தைதான். கத்திரிக்காய்க்கு மட்டும் இன்னும் தடை. அதுல நான் தலையிடல.

இடையில ஒரு விஷயம். டிபிக்காரங்களுக்குச் சாப்பாட்டுக்குனு அரசாங்கம் பேங்க் அக்கவுன்ட்ல பணம் போடுது. நிக்ஷய் போஷண் யோஜனா, 2018-ல மாசம் 500 ரூபாயா ஆரம்பிச்சது, 2024 நவம்பர்லேர்ந்து 1,000. பிரைவேட்ல வைத்தியம் பாத்தாலும் பதிவு பண்ணியிருந்தா உண்டு. ஜார்க்கண்ட்ல டிபி நோயாளிங்க வீட்டுக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய்னு குடுத்துப் பாத்த ஆய்வு 2023-ல வந்தது. அந்த வீட்டுல இருந்த மத்தவங்களுக்கு டிபி வர்றது நாப்பது சதவீதம் வாக்குல குறைஞ்சது.

காயம் மூட அஞ்சு வாரம் ஆச்சு. தினமும் டிரெஸ்ஸிங். முதல் வாரம் நர்ஸ் அக்கா வந்தாங்க, அப்புறம் நானே கத்துக்கிட்டேன். அடியில முதல்ல மஞ்சளா வழவழனு இருந்தது. ரெண்டாவது வாரக் கடைசியில மாதுளை முத்து மாதிரி சிவப்பா சின்னச் சின்னதா எழும்ப ஆரம்பிச்சது. "இதான் புதுத் தசை"னு நர்ஸ் அக்கா காட்டினப்போ, ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல மியூட்ல இருந்துக்கிட்டு அழுதேன், கேமரா ஆஃப். சாப்பாடு மாத்தினதாலதான் ஆறிச்சுனு என்னால நிரூபிக்க முடியாது. ஆன்டிபயாடிக், சுகர் கன்ட்ரோல், டிபி மருந்து எல்லாம் சேர்ந்துதான் ஓடிச்சு.

பழைய ஷீட்டை அழிச்சுட்டேன். புதுசு ஒண்ணு இருக்கு, அப்பாவே எழுதறார், கோடு போட்ட நோட்டுல. ரிட்டயர் ஆன கிளார்க் இல்லையா, கணக்கு சுத்தமா இருக்கு. போன ஞாயித்துக்கிழமை எடை 59.2. பக்கத்துலயே பென்சில்ல ஒரு குறிப்பு: மூணாவது முட்டை அலுத்துவிட்டது, மகனிடம் பேசவும்.

இன்னும் பேசல. அடுத்த செவ்வாய்க்கிழமை பி12 டெஸ்ட், தஞ்சாவூர். போற வழியில பேசலாம்னு இருக்கேன். அடுத்த எபிசோட் வழக்கம்போல வெள்ளிக்கிழமை, நோட்டீஸ் பீரியடைப் பத்தி.